மூட்டையில் இருக்கட்டும் சாமை

கொல்லிமலை சோளக்காடு வட்டாரத்தில் சிறுதானியப் பொருள்கள் தயாரிக்கும் மகளிர் குழுக்களுக்கும் உற்பத்தியாளர் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வரும் வண்டிகளுக்கு மலைமேல் முதலில் எதிர்ப்படும் ஊர் சோளக்காடு. பலா, மலைவாழை, அன்னாசி, மிளகு, காப்பி என்று மலையில் விளைவது பலவும் இங்குள்ள சந்தையில் கைமாறித்தான் கீழே போகிறது. போகிற சரக்கில் பெரும்பகுதி விளைந்தபடியே போகிறது. சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மால்ட், சத்துமாவு என்று பொட்டலமாக மாறிப் போவது சிறுபகுதிதான். அந்தச் சிறுபகுதியை உருவாக்குகிறவர்கள் நீங்கள். இம்மடல் உங்களுக்கு.

வறுப்பது, அரைப்பது, பொட்டலம் கட்டுவது, லேபிள் ஒட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் பயிற்சி வகுப்புகளில் வந்துவிடும். எதை, எப்போது, எவ்வளவு செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது. சரக்கு நன்றாக இருந்தும் மூடப்பட்ட சிறுதொழில்கள் ஏராளம். விற்காத பொட்டலத்தில் பணம் முடங்கியிருக்கும். அதே மாதம் வேறொரு பொருளைக் கேட்டு வந்தவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கமும் அடிபட்டுப் போனவை அவை. கொல்லிமலையில் அப்படி ஒன்று நடந்தால் போவது ஒரு தொழில் மட்டும் இல்லை. கட்டவெட்டிச் சாமையும் மல்லியச் சாமையும் செந்தினையும் மலை வயலில் நிற்பதற்கு இருக்கிற மிகச் சில காரணங்களில் ஒன்று போய்விடும்.

இந்தப் பயிர்கள் ஏன் பின்வாங்கின என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சாலை வந்தது, லாரி வந்தது, சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. கிழங்கைப் பிடுங்கி ஏற்றிவிட்டால் காசு. சாமை அப்படி இல்லை. ஆயிரம் மணி சேர்ந்தாலும் 3 கிராமுக்குள் இருக்கும் பொடித் தானியம் அது. உமி நீக்கப் பெண்கள் உரலில் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்தபின் அந்த உழைப்புக்கு யாருக்கும் மனமில்லாமல் போனதில் வியப்பில்லை.

எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கு வேலையைத் தொடங்கியபோது முதலில் கவனித்த இடங்களில் ஒன்று இந்த உரல்தான். சிறிய அரைவை எந்திரங்கள் ஊருக்குள் வந்தன. மகளிர் குழுக்கள் அமைந்தன. மால்ட்டும் உப்புமா மிக்ஸும் செய்யப் பயிற்சி நடந்தது. பின்னால் இதை ஆராய்ந்து 2009இல் எழுதிய கியோம் குருயர், லதா நாகராஜன், ஒலிவர் கிங் மூவரும் வந்த முடிவு முக்கியமானது: பயிற்சியும் குழு அமைப்பும் கட்டாயம் தேவை, ஆனால் வியாபாரம் நிலைக்க அவை மட்டும் போதாது. போதாமல் நிற்கும் மிச்சத்தில் ஒரு பெரிய துண்டு உற்பத்தித் திட்டம்.

தொழில் நூல்கள் இதற்குப் பல பெயர் சொல்லும். அடிப்படை இரண்டு வழிதான். ஒன்று, வாங்குபவர் வருவார் என்று எதிர்பார்த்து முன்பே செய்து அடுக்குவது. இன்னொன்று, ஆர்டர் கையில் வந்தபின் செய்வது. முதல் வழியில் ஆளும் எந்திரமும் ஆண்டு முழுக்கச் சீராக ஓடும், சரக்கு தேங்கும் ஆபத்து உண்டு. இரண்டாம் வழியில் சரக்கு தேங்காது. ஆனால் ஒரு மாதம் கை ஓயாது, அடுத்த மாதம் கை சும்மா இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதற்கு வருமுன் மலையிலிருந்து கீழே கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஆலைகளைத் தேடிப் போகத் தேவையில்லாத அளவுக்கு நாமக்கல், சேலம், சிவகாசி ஊர்களிலேயே எல்லா வகையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் ஆர்டருக்குச் செய்பவை. உரிமையாளர் சேசிஸைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே வேலை தொடங்கும். எத்தனை அடி நீளம், பக்கப் பலகை எவ்வளவு உயரம், கேபினில் எந்தச் சாமி படம் என்பதுவரை ஆளுக்கு ஆள் மாறும். முன்கூட்டியே பத்துக் கூண்டு கட்டி நிறுத்தி வைத்தால் ஒன்றுகூடப் பொருந்தாமல் போகலாம். அதனால் பட்டறைக்காரர் இரும்பும் பலகையும் மட்டும் வைத்துக்கொள்வார். வண்டிக்காரர் காத்திருக்கத் தயார் என்பதால் இது நடக்கிறது. அரைக் கிலோ சாமை அரிசிக்கு எந்த வாடிக்கையாளரும் வாரக்கணக்கில் காத்திருக்க மாட்டார்.

முட்டைப் பண்ணை இதற்கு நேர் எதிர். நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை விழுகிறது. விலை இறங்கிவிட்டது, இன்று வேண்டாம் என்று கோழியிடம் சொல்ல முடியாது. முட்டையிடத் தொடங்க ஒரு கோழிக்கு ஏறக்குறைய 20 வாரம் ஆகும். ஆகவே பண்ணைக்காரர் எடுக்கும் உண்மையான உற்பத்தி முடிவு, குஞ்சு இறக்கும் நாளில் எடுப்பது. அதற்குப் பிறகு அவர் செய்யக்கூடியது விலையைப் பார்த்திருப்பது ஒன்றுதான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையை மாவட்டமே எதிர்பார்த்து இருப்பது இதனால்தான். உங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: சாமைக்கும் முடிவெடுக்கும் நாள் விதைப்பு நாள்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது சேகோ. மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை கெடாது; பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். ஆகவே கிழங்கு வரும் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடியே ஆக வேண்டும். கிழங்கு ஜவ்வரிசியாகிவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். வடநாட்டில் விரத மாதங்களில் கிராக்கி ஏறும்வரை வைத்திருக்கலாம். வைத்திருக்க இடமும் காசும் வேண்டுமே? அதற்காக ஆலைக்காரர்கள் 1981இல் சேலத்தில் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கம்தான் சேகோசர்வ். ஆலை தன் சரக்கைச் சங்கக் குடோனில் இறக்கும், அதன்பேரில் முன்பணம் வாங்கும், டெண்டரில் விற்கும். மலையின் சாமை வயல்களைக் கிழங்கு தின்றது என்று வருத்தப்படுகிறவர்கள், கிழங்குக்குப் பின்னால் இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததையும் கவனிக்க வேண்டும். சாமைக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை.

சிவகாசிக்குப் போனால் பாடம் இன்னும் கூர்மையாகிறது. ஒரே ஊரில் இரண்டு தொழில், இரண்டு விதத் திட்டம்.

பட்டாசு விற்பது தீபாவளிக்கு முந்தைய சில நாள்களில். ஆனால் ஆலைகள் தீபாவளி முடிந்த சில வாரங்களிலேயே அடுத்த ஆண்டுக்கு வேலை தொடங்கிவிடும். கடைசி இரண்டு மாதத்தில் ஆளைக் கூட்டி அடித்துப்பிடித்துச் செய்ய முடியாதா என்றால், முடியாது. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு. மருந்து ஏற்றிய சரக்கு வெயிலில் காய வேண்டும். மழை வந்தால் வேலை நிற்கும். வரம்பு மீறி அவசரம் காட்டினால் உயிர் போகும். ஆகவே ஆண்டு முழுக்கச் சீராகச் செய்து அடுக்குகிறார்கள். இதன் ஆபத்து 2018 அக்டோபர் 23 அன்று வெளிப்பட்டது. பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம், பேரியம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாங்குபவர் வருவதற்கு வெகு முன்பே செய்து முடிக்கிற தொழில், நடுவில் விதி மாறினால் எவ்வளவு தவிக்கும் என்பதை அந்த ஊர் அதன்பிறகு மாதக்கணக்கில் அனுபவித்தது.

அதே ஊரில் காலண்டர். ஆடி 18 அன்று, இங்கே வல்வில் ஓரி விழாவுக்கு மலையெங்கும் கூட்டம் நிறைந்திருக்கும் அதே நாளில், சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஏஜெண்டுகள் ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போவார்கள். முருகன் படம் வேண்டுமா, இயற்கைக் காட்சி வேண்டுமா, 100 வேண்டுமா, 1,000 வேண்டுமா என்று ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் சொல்வார்கள். எல்லாக் கடைக்கும் பொதுவான படத்தையும் தேதித் தாளையும் அச்சகம் மொத்தமாக அடித்துக்கொள்ளலாம். ‘இப்படிக்கு இன்னார், இன்ன தெரு’ என்ற வரி மட்டும் ஆர்டர் வந்தபின் ஏறும். பெயர் ஏறாத காலண்டர் எந்தக் கடைக்கும் போகும். பெயர் ஏறிவிட்டால் அந்த ஒரு கடையைத் தவிர வேறு யாருக்கும் ஆகாது. அந்தப் பெயர் ஏற்றும் வேலையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள்.

நடுவழி என்று சொன்னது இதைத்தான். உங்கள் அடுக்களையில் தினமும் நடப்பதும் இதுதானே. தோசையைச் சுட்டு அடுக்கிவைத்து யாரும் விருந்தாளிக்குக் காத்திருப்பதில்லை. ஆள் வந்து உட்கார்ந்தபின் அரிசி ஊறப்போடுவதுமில்லை. மாவு தயாராக இருக்கும். ஆள் வந்ததும் கல்லில் ஊற்றுவது.

ஆகவே குழு தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: நம் சரக்கை எந்த நிலையில் நிறுத்தி வைப்பது? உமியோடு உள்ள தானியமாகவா, அரிசியாகவா, மாவாகவா, மிக்ஸ் பொட்டலமாகவா? மிச்சக் கேள்விகள் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

சிறுதானியத்தைப் பொறுத்தவரை பதிலை இயற்கையே எழுதி வைத்திருக்கிறது. உமியோடு காய்ந்த சாமை, சரியான ஈரப்பதத்தில் இருந்தால், ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கென்று குதிரில் போட்டு வைத்த தானியங்கள் இவைதான். உமி நீங்கியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தவிட்டில் இருக்கும் எண்ணெய்ச் சத்து காற்றுப்பட்டுக் காறல் வாடை அடிக்கும்; அரிசிக்கு ஆயுள் மாதக் கணக்கு. அரைத்து மாவாக்கிவிட்டால் இன்னும் குறைவு. கம்பு மாவு ஒன்றிரண்டு வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். மிக்ஸில் பருப்பு, நிலக்கடலை எல்லாம் சேர்வதால் அதில் எது முதலில் கெடுமோ அதன் ஆயுள்தான் பொட்டலத்தின் ஆயுள். வேலை ஒவ்வொரு படி ஏற ஏற ஆயுள் குறைகிறது, முடங்கும் பணம் கூடுகிறது, வேறொன்றாக மாற்றும் வாய்ப்பும் போகிறது. சாமைத் தானியத்தை அரிசியாக்கலாம், மாவாக்கலாம், விதையாகக்கூட விற்கலாம். உப்புமா மிக்ஸ் பொட்டலம் உப்புமா மிக்ஸாக மட்டுமே விற்கும்.

ஆகவே இருப்பு மூட்டையில் இருக்கட்டும். பொட்டலம் ஆர்டருக்கு ஆகட்டும்.

இதை ஒரு கணக்கில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் நோட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழு ஆண்டுக்கு 2,400 கிலோ சாமை அரிசி விற்கிறது. பத்து மாதம் மாதத்துக்கு 150 கிலோ. தீபாவளியும் கண்காட்சிகளும் சேரும் இரண்டு மாதம் மட்டும் மாதத்துக்கு 450 கிலோ. சராசரி 200 என்பதால் மாதாமாதம் 200 கிலோ அரைத்துவிடுவோம் என்று முடிவெடுத்தால், பண்டிகை வரும்போது 500 கிலோ அரிசி கையிருப்பில் நிற்கும். பழையது முதலில் போனாலும் அதன் ஒரு பகுதிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கும். கடைக்காரர் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்ப்பார். அதே 500 கிலோ மாவாக இருந்தால் எடுக்கவே மாட்டார்.

அப்படியானால் அந்த இரண்டு மாதத்தில் மும்மடங்கு வேலையை எப்படிச் செய்வது? இங்கேதான் ஆலைக்குள் நின்று கவனிக்க வேண்டும். சாமை முதலில் சல்லடையில் ஏறி, தூசியும் சருகும் களைவிதையும் பிரியும். பிறகு கல் நீக்கும் எந்திரம்; சாமையளவே உள்ள கல் அதிலும் தப்பி வரும், அதற்கு முறமும் கண்ணும்தான். பிறகு உமி நீக்கும் எந்திரம். ஒருமுறை ஓட்டியதில் உமி போகாத மணிகள் தனியே வந்து மறுபடி ஏறும். பிறகு புடைத்தல், குருணை பிரித்தல், நிறுத்தல், பொட்டலம், சீல். இதில் எந்திரம் செய்யும் உமி நீக்கம் விரைவில் முடிந்துவிடும். பெண்களின் நாளைத் தின்பது முதல் பாதியான சுத்தம் செய்யும் வேலை. அந்த முதல் பாதி நடப்பது உமியோடு உள்ள தானியத்தின் மேல்; அது கெடாது! மந்தமான மாதங்களில் சல்லடை, கல் பொறுக்கல் எல்லாம் முடித்து, சுத்தமான சாமையை மூட்டை கட்டித் தைத்து அடுக்கிவிடலாம். ஆர்டர் குவியும் மாதத்தில் மிச்சம் இருப்பது உமி நீக்கமும் பொட்டலமும்தான். ஆள் வேலை ஆண்டு முழுக்கச் சீராக இருக்கும், அரிசி எப்போதும் புதிதாக இருக்கும். நூல்கள் கலப்புத் திட்டம் என்று சொல்வதன் சரியான வடிவம் இந்த மலைக்கு இதுவாகத்தான் இருக்க முடியும்.

தை, மாசி மாதங்களில் காப்பியும் மிளகும் பறிக்க ஆள் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த மாதங்களுக்குப் பெரிய ஆர்டர் ஒப்புக்கொள்ளும்முன் யார் வருவார், யார் தோட்டத்துக்குப் போவார் என்று கேட்டுக்கொண்டு ஒப்புக்கொள்வது நல்லது.

ஒரே தடவையில் எத்தனை கிலோ அரைப்பது என்பது அடுத்த கேள்வி. இது பழைய கேள்விதான். ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913இல் ஓர் ஆலைத் தொழில் இதழில் இதற்குச் சூத்திரமே எழுதினார். எந்திரத்தை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் செலவு ஒரு பக்கம், செய்த சரக்கை வைத்திருக்கும் செலவு மறுபக்கம். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு குறைவு. சாமையிலிருந்து தினைக்கு மாறும்போது சல்லடை மாற்றி, எந்திரத்தின் மூலை முடுக்கெல்லாம் துடைக்க வேண்டியிருப்பதால், ஒரு தடவை மாற்றினால் நிறைய அரைத்துவிடுவோம் என்று தோன்றுவது இயல்பு. ஜப்பானியர் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். மாற்றும் நேரத்தையே குறைத்தால் என்ன? டொயோட்டா ஆலையில் பெரிய அழுத்து எந்திரம் ஒன்றில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிகியோ ஷிங்கோவின் வழிகாட்டுதலில் 1970 வாக்கில் அதை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலைகளையெல்லாம் முன்பே செய்துவிடுவதுதான் அவர் முறையின் சாரம். உங்கள் ஆலையில் அடுத்த சல்லடையைக் கழுவித் துடைத்துப் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்பதும், ஒரு நாள் சாமை, ஒரு நாள் தினை, ஒரு நாள் பனிவரகு என்று முறை வைத்துக்கொள்வதும் அதே வேலைதான். மாற்றுவது எளிதாகிவிட்டால் 30 கிலோவுக்காக எந்திரத்தைப் போடுவதில் நஷ்டமில்லை.

டொயோட்டாவைச் சொன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் சரக்கு வைக்காதே என்று உலகுக்கே கற்பித்த கம்பெனி அது. தைச்சி ஓனோ அங்கே வளர்த்த முறையில், அடுத்த நிலையம் எடுத்த அளவுக்கான அட்டை திரும்பி வந்தால்தான் முந்தைய நிலையத்தில் செய்வார்கள். அந்தக் கம்பெனியே 2011 நிலநடுக்கத்தில் அடிபட்ட பிறகு, கிடைக்க நாளாகும் மின்னணுச் சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சொன்னது. 2021இல் உலகெங்கும் கார் ஆலைகள் சில்லு இல்லாமல் நின்றபோது தொடக்கத்தில் அது ஓரளவு தாக்குப்பிடித்தது இதனால்தான். வேண்டும்போது வாங்க முடியாததை வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அப்படிப்பட்டவை இரண்டு. ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் விளையும் தானியம். இன்னொன்று, கீழே இருந்து வர வேண்டிய பொட்டலக் கவர், லேபிள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கவர் வராது. அச்சிட்ட கவரை நிறைய வாங்கி அடுக்குவதிலும் சிக்கல் உண்டு, விலையோ விதியோ மாறினால் அத்தனையும் வீண். வெறும் கவரை நிறைய வைத்துக்கொண்டு, பொருளின் பெயர், தேதி, விலை கொண்ட ஸ்டிக்கரைத் தேவைக்கு அடித்துக்கொள்வது சிவகாசிக்காரர் வழி.

எல்லாப் பொருளுக்கும் ஒரே திட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். மிளகு காய்ந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோ. அதைச் செய்து வைத்து விலை பார்த்து விற்கலாம். மிளகுத்தூள் அப்படியில்லை, மணம் போய்விடும், அது ஆர்டருக்கு. பலா வந்தால் நிற்காது. பழுத்த பலாவுக்கு ஓரிரு நாள். வற்றலோ சிப்ஸோ போடுவதானால் சேகோ ஆலைபோல அந்தச் சில வாரம் மட்டும் முழு மூச்சாக ஓட வேண்டும், அதற்கான ஆளும் எண்ணெயும் கவரும் பங்குனியிலேயே தயாராக இருக்க வேண்டும். ஓரி விழாவுக்கும் கோடைக்கும் வருகிற சுற்றுலாக்காரர் காத்திருக்கவே மாட்டார், கண்ணில் பட்டதை வாங்கிக்கொண்டு இறங்குவார். அவருக்குக் கடையில் பொட்டலம் இருந்தாக வேண்டும். சென்னை, கோவை ஆர்கானிக் கடைக்காரர் ஒரு வாரம் காத்திருப்பார், ஆனால் சொன்ன தேதி தவறக் கூடாது. இருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் போடுங்கள்.

கண்காட்சிக்கு என்று ஒரு வார்த்தை. அறிவிப்பு வந்ததும் இரவெல்லாம் விழித்து 20 வகைப் பொருளைப் பொட்டலம் கட்டி மூட்டையோடு போவதும், பாதி திரும்பி வருவதும், திரும்பியது நாள்பட்டு வீணாவதும் பல குழுக்கள் பட்டது. சென்ற முறை எது எத்தனை விற்றது என்று எழுதி வைத்திருந்தால் 20 வகை 8 ஆகும். தேதி, பொருள், எத்தனை பொட்டலம், யார் வாங்கினார், நம்மிடம் இல்லாத எதைக் கேட்டார்கள் – ஒரு நோட்டில் இந்த ஐந்து பத்தி போதும். கடைசிப் பத்திதான் அதிகம் மதிப்புள்ளது. விற்றதை ரசீது சொல்லிவிடும். இல்லையென்று சொல்லி அனுப்பியதை இந்த நோட்டைத் தவிர வேறெதுவும் சொல்லாது.

இனி பணம். மூட்டையில் இருப்பு வைக்கச் சொல்வது எளிது, அறுவடை நாளில் விவசாயிக்குக் கொடுக்கக் காசு வேண்டும். முன்சொன்ன 2,400 கிலோ அரிசிக்கு, 100 கிலோவில் 60 கிலோ தேறும் என்று வைத்தால், 4,000 கிலோ தானியம் வேண்டும். 80 கிலோ மூட்டையில் 50 மூட்டை. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 1,60,000 ரூபாய் ஒரே மாதத்தில் கையிலிருந்து போகும், திரும்பி வர ஓராண்டு. ஒரு குழுவால் முடியாது. அதனால்தான் பல குழுக்கள் அன்றன்று கிடைத்ததை வாங்கி, ஆடி ஆவணியில் தானியம் கிடைக்காமல் எந்திரத்தை நிறுத்துகின்றன. அல்லது சமவெளித் தானியத்தை வாங்கிக் கொல்லிமலைப் பெயரில் கட்டும் சபலத்துக்கு ஆளாகின்றன. அந்தப் பெயர்தான் உங்கள் முதல், அதில் கலப்படம் வேண்டாம்.

சேகோசர்வ் செய்ததைச் சிறிய அளவில் இங்கே செய்ய முடியும். வட்டாரத்துக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குடோன். தரை மட்டத்திலிருந்து உயர்த்திய பலகை, சுவரிலிருந்து ஓரடி இடைவெளி, ஈரமானி ஒன்று, 12 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள மூட்டைக்கு அனுமதி இல்லை என்ற கண்டிப்பு. இறக்கிய அன்றே விவசாயிக்குப் பாதிப் பணம், மீதி அரிசி விற்கும்போது. அந்தப் பாதிப் பணத்துக்குக் குழுக்களின் கூட்டமைப்பின் வழியாக வங்கிக் கடன். 50 மூட்டைக்குக் கடன் கேட்கும் ஒரு குழுவைவிட 400 மூட்டை கையில் வைத்திருக்கும் கூட்டமைப்புக்கு வங்கி மேலாளர் நாற்காலி போடுவார். அரைவை எந்திரம் ஊருக்கு ஒன்று இருக்கலாம். குடோன் ஒன்றாக இருந்தால்தான் எந்த ஊரில் ஆர்டர் அதிகமோ அந்த ஊருக்குத் தானியம் போகும். ஒரு ஊரில் மூட்டை தேங்கி, பக்கத்து ஊரில் ஆர்டர் திரும்பிப் போகும் நிலை இருக்காது.

கடைசியாக, கோழிப் பண்ணைக்காரர் குஞ்சு இறக்கும் நாளுக்கு வருவோம். 4,000 கிலோ தானியம் வேண்டும் என்றால், மலை வயலில் ஏக்கருக்கு 300 கிலோ என்று குறைத்தே கணக்கிட்டாலும், 14 ஏக்கரில் சாமை விதைத்திருக்க வேண்டும். அந்த 14 ஏக்கர் யாருடையது, கட்டவெட்டியா மல்லியமா, விதை யார் தருவது, குறைந்தபட்சம் என்ன விலை என்பதெல்லாம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை. மரவள்ளிக் குச்சி நட்ட நிலத்தில் அந்த ஆண்டு சாமை வராது. சேகோ தரகர் வைகாசியிலேயே வீட்டு வாசலுக்கு வந்து முன்பணம் நீட்டுகிறார் என்றால், குழுவின் ஆள் சித்திரையிலேயே போய்விட வேண்டும். சென்ற ஆண்டு விற்பனை நோட்டும், இந்த ஆண்டுக்கு வந்திருக்கும் ஆர்டர்களும், எத்தனை மூட்டைக்கு உறுதி தர முடியும் என்ற எண்ணும் அவர் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
சமவெளியில் சாமைச் சோறு உண்ணும் ஒரு குடும்பத்திலிருந்து